தூண்டில்காரன் நோட்டுப்புத்தகம்

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு வாக்குவாதம். "ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டிலைத் தூக்கிட்டு ஏரிக்குப் போற உன்னை மாதிரி ஆளுங்களாலதான் மீனே அழியுது. மீனை எண்ணுறதெல்லாம் விஞ்ஞானிங்க வேலை"ன்னார் நண்பர். எனக்கு எப்பவுமே வீட்டுக்கு வந்தப்புறம்தான் பதில் தோணும். அதான் இந்தப் பதிவு.

காவிரியில மஹ்சீர்னு ஒரு மீன் இருக்கு மக்களே. கெண்டைக் குடும்பம். முதுகுல காளை மாதிரி திமில், ஆரஞ்சுத் துடுப்பு. 1946-ல கபினியில தூண்டில்ல மாட்டின மஹ்சீர் ஒண்ணு 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ!

கர்நாடகாவுல காவிரிக் கரையில காலிபோர்னு ஒரு மீன்பிடி முகாம். ராகி உருண்டையை முள்ளுல கோத்துப் போடுவாங்க. மாட்டின மீனை எடை பார்த்துட்டு ஆத்துலயே திரும்ப விட்டுடணும். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாங்க, என்ன மீன், என்ன எடைன்னு பதிவேட்டுல எழுதினாங்க. 1998-ல இருந்து 2012 வரைக்கும் 23,620 மணி நேரம், 6,161 மீன். மீன் பிடிச்சவங்க யாரும் இதுக்குச் சம்பளம் வாங்கலை. காசு கொடுத்து வந்து தூண்டில் போட்டவங்க.

ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் ஆகிய ஆராய்ச்சியாளர்களும் அவங்க குழுவும் இந்தக் கணக்கை அலசி 2015-ல வெளியிட்டாங்க. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தா மஹ்சீர் பெருகுது. நம்ம பாஷையில சொன்னா டேஷ்போர்டு பூரா பச்சை. ஆனா இனவாரியாப் பிரிச்சா கதையே வேற. பெருகினது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரியோடதே இல்லை. மீன்வளத்தைப் பெருக்கறோம்னு நல்லெண்ணத்தோட, லோணாவாலாவுல பொரிச்ச குஞ்சுகளை 1970-கள்ல இருந்து கொண்டுவந்து விட்டது. சொந்த ஊர்க்காரனான திமில் மீன் குறைஞ்சுகிட்டே வந்துச்சு. கடைசி வருஷங்கள்ல மாட்டின கொஞ்சநஞ்சமும் பெரிய, வயசான மீன்கள். குட்டி மீனைக் காணோம். அடுத்த தலைமுறை வரலைன்னுதானே அர்த்தம்?

இத்தனைக்கும் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018-லதான். அதே வருஷம் மிக அருகிய இனங்கள் பட்டியல்லயும் சேர்த்தாங்க. இன்னும் அது மிஞ்சியிருக்கற இடங்கள்ல நம்ம மோயாறும் ஒண்ணு.

"தூண்டில்காரன் பொய் சொல்லுவான்யா"ம்பீங்க. சொல்லுவான். ஜாண் மீனை முழமாக்குவான், நானும் ஆக்கியிருக்கேன். எடையில ரெண்டு கிலோ கூட்டிச் சொல்லலாம். துடுப்போட நிறத்தை மாத்திச் சொன்னா யாருக்கு என்ன லாபம்?

"முள்ளு குத்தினா மீனுக்கு வலிக்காதா?" இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை. சரணாலயத்துக்குள்ள திரும்பத் தூண்டில் போட விடுங்கன்னும் நான் கேட்கலை. 1972 வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி நிறுத்தினாங்க, சரி. ஆனா தூண்டிலோட சேர்ந்து அந்தப் பதிவேடும் நின்னு போச்சு. சர்வருக்கு லோடு அதிகம்னு மானிட்டரிங்கையே அணைச்சு வைக்கிற கதைதான். ஆத்துல வெடி போட்டு மீன் பிடிக்கிறவன் நோட்டு எழுத மாட்டான் சாமி.

நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. அணையிலயோ ஏரியிலயோ தூண்டில் போட அனுமதி கொடுக்கறவங்க, ரசீதோட ஒரு அட்டையும் கொடுங்க. எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு நீளம், விட்டாச்சா வீட்டுக்குப் போச்சா. நாலே கட்டம். நிரப்பிக் கொடுத்தாத்தான் அடுத்த தடவை அனுமதி.

ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி என் லட்சணத்தையும் சொல்லிடறேன். மூணு வருஷமா தூண்டில் போடறேன். செல்போன்ல இருக்கறதெல்லாம் பெரிய மீனைத் தூக்கிப் பிடிச்சு இளிக்கிற போட்டோ மட்டும்தான். வெறுங்கையோட திரும்பின நாட்களை எங்கயும் எழுதலை, வெட்கம். அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து ஒண்ணும் மாட்டலைங்கறதுதான் மீன் குறையுதுன்னு காட்டற முதல் தகவல். அதைத்தான் நான் அழிச்சிருக்கேன்.

நேத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் வரி: ஞாயிறு, நாலு மணி நேரம், பூஜ்யம்.

டிஸ்கி: தூண்டில் போடற பதிவர்கள் உங்க பூஜ்யங்களைப் பின்னூட்டத்துல போடுங்க. முழ மீன் கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் :-)