கடலோர ஊர்களில் செப்புக்காசு

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும். ஐப்பசியில் நன்றாக இருந்த காசில் இப்போது வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கிறது. எதைப் போட்டுத் தேய்ப்பது? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காசைத் தனியே பிரித்து, ஈரமில்லாத பெட்டிக்கு இன்றே மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மாவட்டத்துச் சேகரிப்புகளின் வளம் நம்மில் பலருக்குத் தெரியும். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என நான்கு ஆறுகள் மணலைப் புரட்டும் நிலம் இது. 2024-ல் மருங்கூர் அகழாய்வில் ராஜராஜன் காலச் செப்புக்காசு கிடைத்தது. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை. வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். ஆகவே சோழர் காசுக்குப் பக்கத்திலேயே, தமிழில் புதுச்சேரி என்று பொறித்த துட்டும், டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரைக் காசும், மதராஸ் கம்பெனிக் காசும் ஒரே ஆல்பத்தில் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி உப்பு. உவர்மண்ணில் புதைந்து கிடந்த காசுக்குள் குளோரைடு ஏற்கெனவே புகுந்திருக்கும். கடற்காற்றில் இருக்கும் வீடு அதற்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தத்தின் புகழ்பெற்ற உவமை. உயிரோடு ஒட்டிய ஆணவத்துக்கு அதைச் சொன்னார்கள். உமாபதி சிவாச்சாரியார் வாழ்ந்த சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காசு சேகரிப்பவர் களிம்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ, வழவழப்பாக, நகத்தால் கீறினால் உதிராமல் இருப்பது காசின் காவல். நூற்றாண்டுகளாக அதுதான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காத்து நிற்கிறது. வெளிர்பச்சையாக, மாவு போல, முள்முனை பட்டாலே உதிர்வது நோய்.

அந்த நோயின் வேதியியல் எளிது. உள்ளே படிந்த குப்ரஸ் குளோரைடு ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பச்சைப் பொடியாகிறது. அப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மீண்டும் குளோரைடைத் தருகிறது. சுழற்சி தானாக நிற்காது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது ஏறக்குறைய உறங்கிவிடும். கார்த்திகை மாதத்துக் கடலூரில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம் என்பதை நினைத்தால் தை மாதத்துக் கடிதங்களின் காரணம் விளங்கும்.

ராஜராஜன் காசு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வையுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரியில் அரசன் பெயர். எழுத்துகளின் மேடு மிகச் சன்னமானது. தேய்ந்த காசுகளில் அந்த மேடு செம்பாகவே இருப்பதில்லை, களிம்பாகத்தான் இருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அந்தக் களிம்பைக் கரைத்துவிடும். எழுத்தும் சேர்ந்து போய்விடும். விபூதியும் பாத்திரப் பொடியும் மிச்சத்தை அராவும். பூஜைச் செம்புக்கு இவை சரி, அதைத் தினமும் தேய்க்கிறோம். ஆயிரம் ஆண்டுக் காசை ஒருமுறை தேய்த்தாலும் பழைய நிலை திரும்பாது. சார்ஜரையும் சலவைச் சோடாவையும் வைத்து வீட்டிலேயே மின்பகுப்பு செய்யும் வழக்கம் இதைவிட மோசம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பால் மீட்டார்கள் என்பது உண்மை. அது கனமான உலோகத்தில், தேர்ந்தவர் கண்காணிப்பில் நடந்த வேலை. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள, உள்ளே பாதி மண்ணாகிவிட்ட காசு அதைத் தாங்காது.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? மண்ணை மட்டும் எடுக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரை அடிக்கடி மாற்றுங்கள். உப்பேறிய போர்த்தண்ணீர் கூடவே கூடாது. ஊறிய மண்ணை மூங்கில் குச்சியாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ உருப்பெருக்கியின் கீழ் மெல்ல நீக்கி, நன்றாக உலர்த்துங்கள். வெளிர்பச்சைப் பொடியை அதே முள்ளால் உதிர்த்துவிட்டு, காசைச் சில வாரம் உலர்ந்த பெட்டியில் கவனியுங்கள். மீண்டும் பூத்தால் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். 1960-களிலிருந்து பயன்படும் பென்சோட்ரையசோல் சிகிச்சை நல்லதுதான். ஆனால் அது உடம்புக்கு ஆகாத ரசாயனம். அது குளோரைடை வெளியேற்றுவதும் இல்லை, செம்பின்மேல் ஒரு தடுப்பைப் போடுகிறது, அவ்வளவுதான். சமையலறையில் செய்து பார்க்கும் காரியமல்ல.

வைக்கும் முறையில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. ஆல்பம் நாளடைவில் பிசுபிசுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கசியவிட்டு, காசில் பச்சைப் பிசினை ஒட்டிவிடும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைக்கு மாறுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, செம்பு கறுக்கும். புது பிளைவுட் அலமாரியும் செய்தித்தாளும் அமிலம் விடும். அந்துருண்டை போட்ட பீரோவில் காசை வைக்கவே வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரமானி இருந்தால் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். விலையுயர்ந்த ஈரநீக்கி எந்திரத்தைவிட இதையே நாம் பரிந்துரைப்போம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இம்மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. மின்சாரத்தை நம்பிய பாதுகாப்பு, தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தரைமட்டத்தில் பெட்டி வைக்கக்கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

மதராஸுக்காக 1808-ல் பர்மிங்காம் சோஹோ அக்கசாலையில் அடித்த காசுகளோடு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அவற்றை வெளியே எடுத்தபோது, பீப்பாய்களின் நடுவில் உப்புநீர் அதிகம் எட்டாமல் இருந்தவை புதுக்கருக்கு மாறாமல் வந்தன. வெளிப்புறத்தில் இருந்தவை அரித்துப்போயிருந்தன. ஒரே ஆண்டில் அடித்து, ஒரே கடலில் கிடந்த காசுகள் அவை. உப்பும் ஈரமும் எட்டாத இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பதே சேகரிப்பாளர் வேலையில் பெரும்பங்கு என்று நாம் சொல்வது இதனால்தான்.

காசுகளைத் தேய்த்துக் கெடுக்கும் வழக்கத்தில் நம் துறைக்கும் பொறுப்புண்டு. கண்காட்சி மேசையில் செக்கச்செவேல் என்று மின்னும் சோழர் காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் நாமேதான். அந்த விலைதான் வியாபாரியின் கையில் அமிலக் கிண்ணத்தைக் கொடுக்கிறது. வரும் இதழிலிருந்து, புதிய காசு பற்றிய கட்டுரை அனுப்புவோர் சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த இருபக்கப் படங்களையும், எடையையும், கிடைத்த இடத்தையும் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும். தேய்த்து மின்னவைத்த காசின் படம் இனி நம் அட்டையில் வராது. கடலூர், சிதம்பரம் வாசகர்கள் அடுத்த ஐப்பசிக்கு முன் தங்கள் பெட்டிகளில் ஈரமானி வைத்து, மழை மாதங்களின் அளவுகளைக் குறித்து நமக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம்.