செவ்வாய்க்கு சிக்னல் போக எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே கணக்குப் போடலாம்

வீடியோ காலில் பதில் வர ஒரு நொடி தாமதமானாலே, "ஹலோ, கேக்குதா?" என்று கேட்டுவிடுவீர்கள். அந்தத் தாமதம் 25 நிமிடமாக இருந்தால்? 2014 செப்டம்பர் 24 அன்று காலை, பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த இஸ்ரோ விஞ்ஞானிகளின் நிலைமை அதுதான்.

எப்படிக் கணக்கிடுவது?

ரொம்ப சிம்பிள். ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும். வெற்றிடத்தில் அது நொடிக்கு 2,99,792 கி.மீ. வசதிக்காக 3 லட்சம்னு வெச்சுக்கலாம். தூரத்தை 3 லட்சத்தால் வகுத்தால் எத்தனை நொடி என்று கிடைத்துவிடும்.

* நிலவு: சராசரியாக 3.84 லட்சம் கி.மீ. - 1.28 நொடி
* ஆதித்யா எல்1: சுமார் 15 லட்சம் கி.மீ. - 5 நொடி
* மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று: சுமார் 22.4 கோடி கி.மீ. - ஏறக்குறைய 12.5 நிமிடம்

இவை ஒரு வழிக்கான நேரம் மட்டுமே. கேள்வி போய் பதில் வர, இரண்டு மடங்கு ஆகும்.

அன்று என்ன சிக்கல்?

செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைய மங்கள்யான் சுமார் 24 நிமிடம் எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஏதாவது கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி பூமிக்கு வர 12.5 நிமிடம், நாம் அனுப்பும் கட்டளை அங்கே போய்ச் சேர இன்னொரு 12.5 நிமிடம். அதற்குள் எல்லாமே முடிந்திருக்கும். அதனால்தான் கட்டளைகளை சில நாட்களுக்கு முன்பே விண்கலத்தில் ஏற்றிவிட்டார்கள். மற்றதை மங்கள்யானே பார்த்துக்கொண்டது.

நிலவு பக்கத்தில்தானே இருக்கு?

அங்கேயும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் லேண்டர் இறங்கத் தொடங்கியபோது அதன் வேகம் நொடிக்கு சுமார் 1.68 கி.மீ. சிக்னல் போய் வரும் 2.56 நொடியில் அது 4 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். இங்கிருந்து ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்ட முடியாது. முடிவை லேண்டரே எடுக்க வேண்டும்.

இதுல நமக்கு என்ன?

2025-ல் ஸ்டார்லிங்க்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்தது. அதன் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கிறது. பழைய பாணி செயற்கைக்கோள் இணையம், 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளை நம்பியது. உங்கள் கோரிக்கை மேலே போய், கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் இருந்தால் அதே பயணத்துக்கு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நடைமுறையில் தரைவழி நெட்வொர்க்கின் தாமதமும் சேரும். ஆனாலும் வித்தியாசம் பெரிது.

எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. இருக்கும் வழி இரண்டுதான்: தூரத்தைக் குறைக்கணும், இல்லைன்னா முடிவெடுக்கும் மூளையை அங்கேயே வைக்கணும். செயற்கைக்கோள் இணைய பிளான் வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். வகுத்தல் கணக்கு உங்களுக்கே தெரியும்.