தீர்ந்தும் தீராத பேட்டரிக் கட்டை



மளிகைப் பட்டியலில் உப்பு, புளியோடு ‘டார்ச் லைட்டுக்கு ரெண்டு கட்டை’ என்றும் எழுதிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரின் டார்ச்சுக்கும், திண்ணையில் இலங்கை வானொலி பாடிய டிரான்சிஸ்டருக்கும் அந்தக் கட்டைதான் உயிர்.

வெளியே துத்தநாகக் குவளை, நடுவே கரித்தண்டு, இடையில் மாங்கனீசு டை ஆக்சைடு கலந்த கறுப்பு மருந்தும் நவச்சாரப் பசையும். அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1866இல் பிரான்சின் லெக்லாஞ்சே உருவாக்கிய ஈர மின்கலத்தை, 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் சிந்தாத உலர்கலமாக்கினார். மின்சாரம் தரத் தரத் துத்தநாகம் கரையும். தீர்ந்த கட்டையை ரேடியோவிலேயே விட்டுவைத்தால், நீர் கசிந்து ஸ்பிரிங்கை அரிப்பது அதனால்தான்.

வெளிச்சம் மங்கியதும் கட்டையை வெயிலில் காய வைப்பார்கள். சூட்டில் வேதிவினை சற்று வேகம் பிடிக்கும். இன்னும் கொஞ்ச நேரம் எரியும். டார்ச்சுக்கு ஆகாதது, குறைந்த மின்சாரமே போதும் என்கிற டிரான்சிஸ்டருக்குப் போகும். அதிலும் ஓய்ந்தால் உடைத்து, உள்ளிருக்கும் கரியை ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக் கரும்பலகைக்குப் பூசுவார்கள்.

இலங்கையில் போர் நடந்த 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பேட்டரியும் வரவில்லை. தீர்ந்த கட்டைகளில் துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். போருக்கு நடுவே உலக நடப்பை அறிந்துகொள்ள அந்த மக்கள் காட்டிய உறுதியை வணங்குகிறேன்.

இன்று ரிமோட், கடிகாரம், பொம்மை என்று வீடெங்கும் பேட்டரி. தீர்ந்தால் நேரே குப்பைக்கூடை. பழைய வித்தைகள் இப்போது வேண்டாம். ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது தோலை அரிக்கும் காரம்; உடைக்கவோ சூடாக்கவோ கூடாது. பொத்தான் பேட்டரி குழந்தையின் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தச் சிக்கனத்தின் அக்கறை நமக்கு வேண்டும். தீர்ந்தவற்றைத் தனி டப்பாவில் சேர்த்து, சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்திருக்கின்றன; குப்பையோடு கலக்காமல் பிரித்துத் தரும் பொறுப்பு நம்முடையது.

உங்கள் வீட்டில் பழைய கட்டைக்கு வேறென்ன வேலை இருந்தது? எழுதுங்கள், அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்