கடல் தேய்த்த கண்ணாடி



எங்கள் குடும்பம் மீனவக் குடும்பம். அதில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். கரையில் கிடக்கும் பச்சை, பழுப்புக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, காலி ஊறுகாய் பாட்டிலின் வெளிப்புறம் அரால்டைட் வைத்து ஒட்டினேன். உள்ளே மணல் போட்டு மெழுகுவர்த்தியை நட்டேன். முதல் பாட்டில் 'டப்'பென்று விரிசல் விட்டது. சுடர் ஓரமாகச் சாய்ந்து, அந்த இடம் மட்டும் சூடேறி விரிந்ததுதான் காரணம். அடுத்ததில் நடுவில் நிறுத்தினேன், சரியாகிவிட்டது. வகுப்பில் படித்த வெப்ப விரிவு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறிச்சு!

விடுதியில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒருத்தன், "மச்சி, பாட்டிலை உடைச்சுக் கடல்ல போட்டா இன்னும் நெறைய கிடைக்குமே!" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலை இழுக்கும்போது உடைந்த பாட்டில் குத்தி, அப்பா பதினைந்து நாள் தொழிலுக்குப் போகவில்லை. என் செமஸ்டர் பணம் வைத்தியத்துக்குப் போனது.

அலையும் மணலும் உரசி ஒரு துண்டின் கூர்மை மழுங்கப் பல ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1967 வரை கடலோரம் குப்பை கொட்டினார்கள். இன்று அது 'கண்ணாடிக் கடற்கரை' என்று பெயர் பெற்ற சுற்றுலாத் தலம். அந்த அழகு கடலின் உழைப்பு. ஆனால் மழுங்கும் வரை அதை மிதிக்கும் கால் யாருடையது?

கைவேலை செய்வோம், தப்பில்லை. கிடப்பதைப் பொறுக்குவோம். புதிதாக ஒன்றையும் போட வேண்டாம். அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, கொண்டுபோன பாட்டிலை பையிலேயே திரும்பக் கொண்டு வருவோம். செய்வோமா நண்பர்களே?