காணாமல் காப்பதும் கடமையே

பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் இருளில் நிலைத்திருந்தன. 1940இல் கண்டறியப்பட்டு, 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பதினைந்தே ஆண்டுகளில், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலும் விளக்கொளியாலும் சுவர்களில் பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடினர். 1983இல் அருகிலேயே அதன் நகலைத் திறந்தனர்.

நம் சித்தன்னவாசலில், குடைவரையின் விதானத்தில் சுண்ணச்சாந்தின்மேல் தீட்டிய தாமரைக்குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பெரும்பகுதி ஏற்கெனவே மங்கியும் உதிர்ந்தும் போய்விட்டது. எஞ்சியதற்கேனும் ஒரு செம்மையான நகலை அருகில் அமைத்து, உள்ளே செல்வோரைக் கண்டிப்பாக வரையறுக்க வேண்டும்.

நகல் மூலமாகுமா எனச் சுவைஞர்கள் கேட்கலாம். ஆகாது. ஆனால் மூலத்தைத் தேய்த்துத் தீர்க்கும் உரிமை நம் ஒரு தலைமுறைக்கு இல்லை. இனி பிறக்கப்போகிறவர்களுக்கும் அக்குளத்தில் பங்குண்டு.