தொக்கணம் யாருடைய வேலை?

மூன்று மாதப் பயிற்சி, கையோடு சான்றிதழ், உடனே வேலை. மசாஜ் தெரபிஸ்ட் ஆகலாம், ஸ்பா தெரபிஸ்ட் ஆகலாம், ஈசிஆர் ரிசார்ட்டில் சேரலாம், துபாய்க்குப் போகலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லப்படுகிறது. எந்தப் பிள்ளைகளிடம் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. சேலையூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் மசாஜ் பயிற்சி பற்றிப் பேசுவதில்லை. அதற்கு நீட் கோச்சிங். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருக்கிற பிள்ளைக்கும், பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கும்தான் இந்த 'வாய்ப்பு'.

வலிக்கிற உடம்பைத் தொட்டு வலியைக் குறைப்பதில் எந்த இழிவும் கிடையாது. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லி, எந்த நோய்க்கு எது என்று வகுத்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களையும் மூட்டு தேய்ந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கையின் அருமை தெரியும்.

அந்தக் கை யாருடையது? ஊரில் எண்ணெய் தேய்த்தவர்கள், கட்டியைக் கீறியவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் யார்? மருத்துவர் என்றே பெயர் கொண்ட நாவிதர் சமூகத்தினர். பல ஊர்களில் நம் சேரிப் பாட்டிமார்கள். பிள்ளை பிறக்கும்வரை அவள் கை வேண்டும். பிறந்த பிறகு தீட்டு. படியில் கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய புடவையும் கொடுத்துக் கொல்லைப்புறமாக அனுப்பிவிடுவார்கள். இதைப் பொறுக்காமல்தான் சுயமரியாதை இயக்கக் காலத்தில், மருத்துவர் சமூகத்தில் பிறந்த ஆனந்தம் பண்டிதர் 'மருத்துவன்' என்று இதழ் நடத்தினார்.

இப்போது சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வரும். 2005இல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அங்கே இருக்கிற மருத்துவமனையின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. 1845இல் பிறந்து 1914இல் இறந்த நம் பண்டிதர், 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசா தமிழன்' நடத்தியவர். நம்மில் பலருக்கு அவரைப் பௌத்தராகவும் பத்திரிகையாளராகவும் தெரியும். அவர் சோறு தின்றது வைத்தியத்தால். நாடி பார்த்ததும் அவரே, மருந்து கொடுத்ததும் அவரே, சாத்திரம் படித்து எழுதியதும் அவரே. தொடுகிற கைக்குச் சிந்திக்கத் தெரியாது, சிந்திக்கிற தலை நோயாளியைத் தொடாது என்ற பிரிவினையை அவர் வாழ்க்கையே உடைத்தது.

அந்தப் பிரிவினைதான் இன்று வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதுகிறவர் ஒருவர், எண்ணெயில் கை வைக்கிறவர் இன்னொருவர். 1970இல் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டம் வந்த பிறகு, பதிவு பெற்ற மருத்துவர் என்றால் கல்லூரிப் பட்டம் என்று ஆனது. அதை நான் குறை சொல்லவில்லை. பிறப்பால் வருகிற வைத்தியத்தைவிடப் படித்து வருகிற வைத்தியம் எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கல்லூரி வாசலில் இன்று நீட் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் இருந்தவர்கள் வாசலுக்கு வெளியே. 2025 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்மச் சிகிச்சை கொடுத்து அதே நிறுவனம் கின்னஸ் சாதனை படைத்தது. பத்திரிகைகள் பாரம்பரியம் என்று கொண்டாடின. கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டமில்லாத ஆசான் ஒருவர் அதே வர்மத்தைத் தொட்டால் அவர் போலி மருத்துவர். பாரம்பரியத்துக்கு மாலை, பாரம்பரியத்தைச் சுமந்தவனுக்கு வழக்கு.

'படிப்பு இருக்கிறதே, தெரபி படியுங்களேன்' என்பார்கள். இருக்கிறது. அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசே நடத்துகிற நர்சிங் தெரபி பட்டயப்படிப்பு, இரண்டரை ஆண்டு. அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் ஆவதற்கு இதுதான் தகுதி. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? மூன்று மாத ஸ்பா பயிற்சி தெரிந்த அளவுக்கு இது ஏன் தெரியவில்லை? இதைப் படித்தவர்களுக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புதான்: தொகுப்பூதியம், பதினோரு மாத ஒப்பந்தம், பணி நிரந்தரம் கோர உரிமையில்லை என்று உறுதிமொழிக் கடிதம். இருபது வருடம் எண்ணெயில் கை ஊறினாலும் மேலே போக ஏணி கிடையாது. தெரபிஸ்டாகச் சேர்ந்தவர் படித்து மருத்துவராக ஒரு தனி ஒதுக்கீடு, பணியில் இருந்தபடியே மேற்படிப்பு, எதுவும் இல்லை. 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபிஸ்டுகளுக்கு அதில் இடம் உண்டு. தொக்கணம் செய்கிறவருக்கு இல்லை.

தனியார் பக்கம் போனால் இதைவிட மோசம். வேளச்சேரியிலோ ஓஎம்ஆரிலோ ஸ்பாவில் வேலை செய்கிற பெண் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறாள். வாடிக்கையாளன் அத்து மீறுவான். போலீஸ் சோதனைக்கு வந்தால் மறுநாள் செய்தித்தாளில் அவள் 'மீட்கப்பட்ட அழகி'. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்க உத்தரவிட்டார். சில வாரங்களிலேயே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளை நீதிபதி அது அந்தரங்க உரிமையை மீறுவது என்றார். அங்கே வேலை செய்கிறவளுக்குச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிக்கிறார்களா, எத்தனை மணி நேர வேலை? எந்தக் கேமராவிலும் இது பதிவாகாது. வீட்டுக்கே வந்து மசாஜ் செய்கிற ஆப் வேலையையும் புதிய சுதந்திரம் என்று விற்கிறார்கள். 2021இல் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் குருகிராமில் போராடினார்கள். கம்பெனி அவர்கள் மீதே வழக்குப் போட்டது.

இந்த வேலையில் இருக்கிற தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, உங்களுக்கும் பொருந்தும். தொல்லை கொடுத்தது முதலாளியாக இருக்க வேண்டியதில்லை, வாடிக்கையாளனாகவும் இருக்கலாம். கடையில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். தாம்பரத்துக்கு அது செங்கல்பட்டு.

நம் பக்கத்திலேயே இரண்டு குரல் கேட்கிறது. சாதித் தொழிலின் சாயல் உள்ள எதையும் தொடாதே, வெளியே வா என்கிறார்கள் சிலர். இது நம் அறிவுச் செல்வம், பெருமைப்படு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெருமையை வைத்து வாடகை கட்ட முடியாது. முதல் குரலில் நியாயம் உண்டு. ஆனால் நாம் விட்டுவிட்டு வந்த தொழிலில் காசு புரளத் தொடங்கியதும் யார் வந்து உட்கார்ந்தார்கள்? வெல்னஸ் ரிசார்ட் முதலாளிகளின் பட்டியலைப் பாருங்கள்.

ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்து என்று கேட்டது. சரியான வாதம். பிறகு குன்றத்தூரில் 2025 ஏப்ரலில் சாதி நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கல்லூரிக்குப் போக விடு என்று டெல்லியிடம் வாதாடிய அதே அரசின் தாட்கோ, நம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அழகுக்கலை, சருமப் பராமரிப்பு, சிகையலங்காரம் என்று குறுகிய காலப் பயிற்சி அறிவிக்கிறது. (வேறு நல்ல பயிற்சிகளும் தருகிறது, மறுக்கவில்லை.) அந்தப் பிள்ளையிடம் முதலில் அரும்பாக்கம் பட்டயப்படிப்பையும், சித்த மருத்துவப் பட்டப்படிப்பையும் சொன்னீர்களா?

தாம்பரம் பக்கம் இருக்கிற மாணவத் தோழர்கள் இந்த மாதமே ஒரு காரியம் செய்யலாம். சித்த மருத்துவ நிறுவனம் ஒன்றிய அரசுடையது. தகவல் உரிமைச் சட்டத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 10 ரூபாய். தெரபிஸ்ட் பணியிடங்கள் எத்தனை, நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, ஆள் வழங்கும் நிறுவனம் வழியாக எத்தனை என்று கேளுங்கள். ஒன்றிய அரசில் 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனத்துக்கும் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம். ஆள் வழங்கும் நிறுவனம் நடுவில் வந்தால் அது காணாமல் போகும். அதனால் ரோஸ்டர் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவர் பணியிடங்களுக்கும் இதே கேள்வியைத் தனி விண்ணப்பமாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.