ரம் சேர்த்த பாகுக்கு என்ன பெயர்?

டிசம்பர் பிறந்தால் திருவனந்தபுரத்து வீடுகள் பலவற்றில் கேக்கின் மணம் எழத் தொடங்கிவிடும். உலர்பழங்கள் முன்கூட்டியே ரம்மில் ஊறிக் கிடக்கும். அடுப்பிலிருந்து இறங்கிய கேக்கின்மேல் ரம் கலந்த சர்க்கரைப் பாகு பூசப்படும். அந்தப் பாகு செய்வது எளிது. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு நீர். சர்க்கரை கரைந்ததும் ரம்மோ பிராந்தியோ சேர்த்தால் முடிந்தது. செய்முறையில் சிக்கல் எதுவும் இல்லை. அக்கேக்கை அயலாருக்கு நீட்டும்போது சொல்லப்படும் ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது: "கொதிக்க வைத்ததுதான், போதையெல்லாம் போயிருக்கும்."

இது உண்மையன்று. ஆல்ககால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், நீர் 100 பாகையில் கொதிக்கும். ஆகவே முன்னது முழுவதும் முதலில் வெளியேறிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் நீரோடு கலந்த ஆல்ககால் அவ்வாறு தனித்துப் பிரிந்து போவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, கொதிக்கும் திரவத்தில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 விழுக்காடு எஞ்சுகிறது. கால் மணி நேரம் கொதித்தால் 40 விழுக்காடும், ஒரு மணி நேரம் கொதித்தால் 25 விழுக்காடும் தங்குகின்றன. இரண்டரை மணி நேரத்திற்குப் பின்னும் 5 விழுக்காடு மீதமிருக்கிறது. அவ்வளவு நேரம் எந்தப் பாகும் அடுப்பில் இருப்பதில்லை, இருந்தால் கருகிவிடும். பெரும்பாலோர் ரம்மின் மணம் போய்விடக் கூடாதென்று அடுப்பை அணைத்த பிறகே அதைச் சேர்க்கின்றனர்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். இந்திய ரம்மில் வழக்கமாக 42.8 விழுக்காடு ஆல்ககால் உண்டு. ஆறிய 200 மில்லி பாகில் 50 மில்லி ரம் சேர்த்தால், 250 மில்லியில் ஏறத்தாழ 21 மில்லி ஆல்ககால் இருக்கும், அதாவது 8.5 விழுக்காடு. கடையில் விற்கும் வலுக்கூடிய பீரின் உச்ச வரம்பு 8 விழுக்காடு. 0.5 விழுக்காட்டைத் தாண்டும் பானத்தையே மதுபானம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் வகைப்படுத்துகின்றன.

'ஒரு துண்டுக் கேக்கில் அதில் எவ்வளவு வரப்போகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு துண்டுகளாகப் பகிர்ந்தால் ஒன்றுக்கு இரண்டு மில்லிகூட வராது. யாருக்கும் போதை ஏறாது. ஆனால் இங்கே எழுவது போதையைப் பற்றிய கேள்வி அன்று, ஒப்புதலைப் பற்றியது. குடியை விடுவதற்காக டைசல்பிராம் மருந்து உண்பவருக்குச் சிறிதளவு ஆல்ககாலும் நெஞ்சுப் படபடப்பையும் வாந்தியையும் உண்டாக்கக்கூடும். சமய நெறியால் மதுவை விலக்கியவருக்கு அளவு ஒரு பொருட்டே அன்று. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் குடியை விட்ட ஒருவருக்கு அந்த மணமே பழைய வாசலைத் திறந்துவிடலாம். இவர்களுள் எவரும் விருந்து வீட்டில் தம் கதையைச் சொல்லி, "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். சொல்ல வேண்டியவர் பரிமாறுபவரே.

மறைப்பதற்கு மொழியும் இடம் தருகிறது. இனிப்பும் மயக்கமும் பழங்காலந்தொட்டே ஒரே சொல்லில் குடியிருந்தவை. நறவு, தேறல், மட்டு ஆகியவை தேனையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். மதுவும் மதுரமும் ஒரே வேரின. 'குடித்தல்' என்னும் பொருளுடைய அரபு வேரொன்றிலிருந்தே குழந்தைக்குத் தரும் 'சிரப்', கோடையில் பருகும் 'சர்பத்', இந்தியில் மதுவைக் குறிக்கும் 'ஷராப்' மூன்றும் கிளைத்தன. ஆகவே 'பாகு' என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் முழு உண்மையும் ஆகாது.

இந்த வேறுபாட்டை நெய்யாற்றின்கரையிலும் குமரி மாவட்டத்திலும் பனையேறும் மக்கள் நன்கறிவர். மரம் ஒன்று, பாளை ஒன்று, சொட்டும் சாறும் ஒன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு நொதிக்காது, அது அக்கானி. தடவாவிட்டால் கள். அக்கானியைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு விரல் சுண்ணாம்பு உண்டாக்கும் மாற்றத்திற்குத் தனிப் பெயர் வைத்த சமூகம் இது. அந்தப் பெயரால்தான் வாங்குபவர் எதைக் குடிக்கிறோம் என்று அறிந்து குடித்தார்.

கேரளத்தில் மதுவின் பெயரைச் சொல்லத் தயங்குவதற்குச் சட்டமும் ஒரு காரணம். கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டம், அதாவது 1902ஆம் ஆண்டினது, இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ்ச் சட்டவிரோத மது உற்பத்திக்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு. 2019 டிசம்பரில் வீட்டில் திராட்சை ஒயின் செய்வதும் குற்றமே என்ற எச்சரிக்கை பல குடும்பங்களைத் திகைக்க வைத்தது. ஆனால் சட்டத்தின் கண் நொதித்தலின்மேலும் விற்பனையின்மேலும் இருக்கிறது. விருந்தினரின் தட்டில் இருப்பதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு வீட்டாருடையது.

சொல்வதில் வெட்கமும் தேவையில்லை. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு செய்த கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கிலேயே பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் மது சேர்ந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கேக்கில் மது சேர்வது இம்மண்ணின் மரபுதான். ரம் பாகைக் கைவிடச் சொல்வது இதன் நோக்கமன்று. ஒரு கலத்தில் ரம் பாகும், இன்னொன்றில் பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்த பாகும் காய்ச்சலாம். இரண்டுக்கும் பெயர் எழுதி வைக்கலாம்.

இந்நகரின் பாளையத்தில் பள்ளிவாசலும் கணபதி கோயிலும் புனித யோசேப்பு தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. டிசம்பர்க் கேக்கும் அப்படித்தான் மதில் தாண்டி எல்லா வீட்டுக்கும் போகிறது. அது போகுமிடமெல்லாம் "இதில் ரம் இருக்கிறது" என்ற மூன்று சொற்களும் உடன் போக வேண்டும். மறுப்பவர் மனக்கசப்பின்றி மறுக்கவும், ஏற்பவர் அறிந்தே சுவைக்கவும் அந்த மூன்று சொற்கள் போதும்.